தாத்தாவின் ஹெரால்டு

அம்பாசிடரையும் பியட்டையும் நினைவில் வைத்திருப்பவர்கள்கூட ஸ்டாண்டர்டு ஹெரால்டை மறந்திருப்பார்கள். 1959இல் இங்கிலாந்தில் பிறந்த கார் இது. இதன் உருவத்தை வரைந்தவர் மிக்கேலோட்டி என்னும் இத்தாலியர். 1961 முதல் நம் சென்னையிலேயே இதைத் தயாரித்தார்கள். இதன் பானெட் மற்றக் கார்களைப் போலத் திறக்காது. மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் அப்படியே முன்னோக்கிக் கவிழ்ந்துவிடும். முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். பாவாடை சட்டைக்காரிகளான எங்களுக்கென்றே செய்தது போல!

எங்கள் தாத்தாவின் ஹெரால்டு 1969ஆம் ஆண்டுக் கார். அவருக்கு நடுக்குவாதம் வந்தபின் இரண்டு ஆண்டுகள் அது ஷெட்டை விட்டு நகரவில்லை. ஈஸ்டர் முடிந்ததும் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார் பெரியப்பா. தாத்தா ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு சாப்பிடவும் இல்லை. தவக்காலமாயிற்றே, ஒருசந்தி என்று பாட்டி சமாளித்தார்கள். அக்காவும் தங்கையுமாகிய நாங்கள் நம்பவில்லை.

மறுநாள் ஷெட்டில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தோம். "நீங்க சொல்லுங்க தாத்தா, நாங்க செய்றோம்" என்றோம்.

பழைய பெட்ரோலை வடித்தோம். பாட்டரியைச் சார்ஜுக்குக் கொடுத்து வாங்கினோம். இன்ஜின் சுற்றியதே தவிர, பிளக்கில் பொறி இல்லை. டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தால் பாயிண்டுகள் கறுத்துக் கிடந்தன. நைசான உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.015 அங்குலமாக வைத்தோம். கார் கிளம்பிவிட்டது! ஆனால், தையல் இயந்திரம் போல ஓயாத டக் டக் சத்தம். "இன்ஜின் போச்சு" என்றார் பெரியப்பா. தாத்தா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "டாப்பெட்தான்மா" என்றார்.

இதில் ஓர் அழகான கணக்கு உண்டு. வால்வுகள் எட்டு. எட்டாவது முழுவதும் திறந்திருக்கையில் முதலாவதைச் சரி செய்ய வேண்டும். ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவதை. எப்போதும் கூட்டுத்தொகை ஒன்பது! பிளக்குகளைக் கழற்றி, நான்காம் கியரில் போட்டு, ஒருத்தி காரை அங்குலம் அங்குலமாகத் தள்ள, மற்றவள் வால்வைப் பார்த்து "நில்!" என்பாள். இடைவெளி 0.010 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டர். பீலர் கேஜ் தகடு அதில் நுழையவும் வேண்டும், லேசாகப் பிடிக்கவும் வேண்டும். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று கேட்டோம். "மூடின ஜெபப்புத்தகத்திலேருந்து புனிதர் படத்தை உருவற மாதிரி" என்றார் தாத்தா. அதற்குமேல் எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பெண்பிள்ளைகள் நகத்தில் கிரீசா என்று அத்தைக்கு வருத்தம். சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்தால் போய்விடுகிறது, தோழியர் குறித்துக்கொள்க.

எட்டாவது வால்வு முடியப் பொழுது சாய்ந்துவிட்டது. சாவியைத் திருப்பியதும் தாத்தா கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். டக் டக் இல்லை. பெரியப்பாவும் வாசலில் நின்று கேட்டார். பிறகு உள்ளே போய், இரும்புக் கடைக்காரரை வரவேண்டாம் என்று போனில் சொன்னார்.

இன்னும் தெருவுக்கு எடுக்கவில்லை. பிரேக் வேலை பாக்கி. அதை மட்டும் நன்கு தெரிந்த மெக்கானிக்தான் செய்ய வேண்டும் என்பதில் தாத்தா கண்டிப்பு. அவர் திங்கட்கிழமை வருகிறார். பக்கத்தில் நின்று பார்க்க எங்களுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது.