டானியூப் கரையில் ஒரு பெண்ணின் பழி

சேர்பியத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து சுமார் 45 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது ஸ்மெடெரெவோ நகரம். அங்கே யெசாவா ஆறு டானியூப் நதியோடு கலக்கும் முனையில், 25 கோபுரங்களோடு முக்கோண வடிவில் ஒரு கோட்டை நிற்கிறது.

1427இல் பெல்கிரேட் ஹங்கேரியர் வசமானது. புதிய தலைநகர் தேவைப்பட்டதால், மன்னர் ஜுராஜ் பிராங்கோவிச் 1428இல் இக்கோட்டையைக் கட்டத் தொடங்கினார். ஒட்டோமான் துருக்கியர் 1439இல் இதைப் பிடித்தனர். 1444இல் உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுத்தனர். 1459இல் மீண்டும் கைப்பற்றினர். பீரங்கிக் கோபுரங்களைப் பின்னர் சேர்த்தவர்களும் அவர்களே.

மதில் கட்டக் குடிமக்கள் பட்ட பாட்டுக்கு நாட்டார் கதைகள் யாரைக் குறை கூறுகின்றன தெரியுமா? மன்னரை அல்ல, கிரேக்க நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அரசி இரினாவை. 'சபிக்கப்பட்ட யெரினா' என்றே அவளை அழைக்கிறார்கள்.

அவள் பட்டதும் கொஞ்சமல்ல. மகள் மாரா சுல்தான் இரண்டாம் முராத்துக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டாள். 1441இல் அதே சுல்தானின் ஆணையால் இரு புதல்வர்களின் கண்கள் பறிக்கப்பட்டன.

உட்கோட்டைக் கோபுரமொன்றில் செங்கற்களால் பதித்த எழுத்துக்களைக் கண்டேன். ஜுராஜின் கட்டளைப்படி இக்கோட்டை கட்டப்பட்டது என்பதே அவற்றின் பொருள். இரினாவின் பெயர் அதில் இல்லை.

1941 ஜூன் 5இல், ஜேர்மன் படைகள் இங்கு குவித்திருந்த வெடிமருந்து வெடித்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மதில்கள் சிதைந்தன. ஆயினும் அந்த எழுத்துக்கள் தப்பின. கட்டளையிட்டவர் யாரென்று சுவரே சாட்சி சொல்கிறது. பழியோ இன்னும் பெண்ணின் தலையில்தான்.