தேமா, புளிமா, மெய்மை அட்டவணை

பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதி தனிநிலைக் கணிதத்தில் முடிகிறது. அதில்தான் மெய்மை அட்டவணை வருகிறது. திருப்போரூரில் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்குப் பிடித்த பகுதி அது. தொகையிடல் போலப் பயமுறுத்தாது, கட்டம் போட்டு நிரப்பினால் மதிப்பெண். இரண்டு கூற்றென்றால் நான்கு வரிசை, மூன்றென்றால் எட்டு. 'மற்றும்' வந்தால் இரண்டும் மெய்யாக இருக்க வேண்டும். 'அல்லது' வந்தால் ஒன்று மெய்யானால் போதும்.

'எனில்' வரும்போதுதான் முகம் சுளிப்பார்கள். முதற்கூற்று பொய்யென்றால் இரண்டாவது எதுவானாலும் முழுக் கூற்றும் மெய்யாம். மழை பெய்தால் ஓ.எம்.ஆரில் தண்ணீர் நிற்கும் என்று ஒருவர் சொல்கிறார். மழையே பெய்யவில்லை. குழாய் உடைந்து தண்ணீர் நின்றாலும் சரி, சாலை காய்ந்து கிடந்தாலும் சரி, அவரைப் பொய்யர் என்று சொல்ல வழியில்லை. பொய்யாக்க வேண்டுமானால் மழை பெய்தும் தண்ணீர் நிற்காமல் இருக்க வேண்டும். இவ்வளவு சொல்லியும், "இதெல்லாம் யார் சார் முடிவு பண்ணது?" என்று ஒரு பெண் கேட்டாள். புத்தகத்தில் பதில் இல்லை. தேட ஆரம்பித்தேன்.

சுலபமாகக் கிடைக்கும் விடை 1921. அந்த ஆண்டில் எமில் போஸ்ட் என்ற அமெரிக்கக் கணிதர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் பட்ட ஆய்வு அச்சில் வந்தது. மெய், பொய்க்கு அவர் கூட்டல், கழித்தல் குறிகளைப் போட்டு அட்டவணை அமைத்தார். அதே ஆண்டில் லுட்விக் விட்கென்ஸ்டைனின் டிராக்டேட்டஸ் ஜெர்மன் மொழியில் வெளியானது, அதிலும் அட்டவணை. முதல் உலகப் போரில் படைவீரனாக இருந்துகொண்டே எழுதிய நூல் அது. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததல்ல. ஆனால் இருவரும் முதல்வர்களும் அல்லர். சார்லஸ் பியர்ஸ் 1893இல் எழுதிய கையெழுத்துப் படியொன்றில் இதே அட்டவணை இருப்பதை இர்விங் அனெல்லிஸ் 2012இல் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். அதற்கும் முன்னால், 1879இல், ஃபிரேகே நான்கு வாய்ப்புகளையும் எழுத்தாலேயே வரிசைப்படுத்தி, அதில் ஒன்றை மட்டும் நீக்கினால் கிடைப்பதே 'எனில்' என்று வரையறுத்திருந்தார்.

அந்தப் பெண் கேட்ட முடிவை எடுத்தவர் இன்னும் பழையவர். பொ.ஆ.மு. நான்காம் நூற்றாண்டின் மெகாரா மரபுத் தத்துவவாதி பைலோ. மெய்யில் தொடங்கிப் பொய்யில் முடிந்தால்தான் நிபந்தனைக் கூற்று பொய், மற்ற மூன்று வகையிலும் மெய் என்றார். அவருடைய ஆசிரியர் டியோடோரஸே இதை ஏற்கவில்லை. எந்த நிபந்தனை சரி என்று கூரைமேல் காக்கைகளும் கரைகின்றன என்று கலிமாக்கஸ் என்ற கவிஞர் கேலி செய்யும் அளவுக்குச் சண்டை முற்றியதாம். என் மாணவர்கள் சுளிக்கும் முகத்துக்கு இருபத்து மூன்று நூற்றாண்டு வயது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அட்டவணையில் இரண்டு யோசனைகள் பின்னிக் கிடப்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. உறுப்புகளின் மெய், பொய்யை மட்டும் வைத்து முழுக் கூற்றைத் தீர்மானிப்பது ஒன்று. அது பைலோவின் வழி. நேரக்கூடிய எல்லா வகைகளையும் ஒன்று விடாமல் வரிசையில் நிறுத்திவிட்டுப் பிறகே தீர்ப்புச் சொல்வது மற்றொன்று. இந்த இரண்டாவதை நான் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருக்கிறேன், கணித வகுப்பில் அல்ல, தமிழ் வகுப்பில்.

நேர், நிரை என்று அசை இரண்டு. ஈரசைச் சீர் நான்கு, மூவசைச் சீர் எட்டு, நாலசைச் சீர் பதினாறு. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நேருக்கு மெய், நிரைக்குப் பொய் என்று போட்டால் அட்டவணையின் இடப்பக்கம் அப்படியே வந்துவிடும். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்ற வரிசையில் இன்னொரு வேடிக்கை உண்டு. அடுத்தடுத்த சீர்களுக்கு இடையே ஓர் அசைதான் மாறும், கூவிளத்திலிருந்து தேமாவுக்குத் திரும்பினாலும் அப்படியே. கேளம்பாக்கம், படூர் பக்கத்துக் கல்லூரிகளில் மின்னணுவியல் படிப்பவர்கள் 1953ஆம் ஆண்டின் கார்னோ வரைபடத்தில் கட்டங்களை இதே ஒழுங்கில்தான் அடுக்குகிறார்கள். கார்னோவை நாம் முந்திவிட்டோம் என்று மேடையில் பேச இது தோதான செய்தி. நான் பேசமாட்டேன். யாப்பில் வரிசை இருக்கிறது, தீர்ப்பு இல்லை.

வரிசையும் தீர்ப்பும் சேர்ந்த ஒன்றைத் தேடியபோது காஞ்சிபுரத்துக்குப் போக வேண்டியதாயிற்று. 2019 வரை எங்கள் ஊருக்கு அதுதான் மாவட்டத் தலைநகர். பௌத்தத் தருக்கவியலின் தலைமகன் திக்நாகர் காஞ்சிக்கு அருகே சிம்மவக்திரம் என்ற ஊரில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. காலம் ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகள். அவருடைய சிறுநூல் ஏதுச் சக்கரம் திபெத்திய மொழிபெயர்ப்பில் மட்டும் தங்கியிருக்கிறது. சதீஷ் சந்திர வித்யாபூஷணரின் இந்தியத் தருக்கவியல் வரலாறு அதை விவரிக்கிறது. அந்த நூல் வெளிவந்த ஆண்டும் 1921!

ஒலி அழியக்கூடியது என்று ஒருவர் வாதிடுகிறார், காரணமாக ஓர் ஏதுவைச் சொல்கிறார். திக்நாகர் இரண்டு கேள்வி கேட்கிறார். அழியும் பொருள்களில் அந்த ஏது எல்லாவற்றிலும் உண்டா, சிலவற்றில் உண்டா, எதிலுமே இல்லையா? அழியாப் பொருள்களில் எப்படி? மூன்றும் மூன்றும் பெருக ஒன்பது கட்டம். 'உண்டாக்கப்பட்டதால்' என்ற ஏது அழிவன எல்லாவற்றிலும் உண்டு, அழியாதவற்றில் இல்லை: செல்லும். 'முயற்சியால் உண்டானதால்' என்பது குடத்தில் உண்டு, மின்னலில் இல்லை, அழியாதவற்றிலும் இல்லை: செல்லும். 'அறியப்படுவதால்' என்பது குடத்துக்கும் பொருந்தும், ஆகாயத்துக்கும் பொருந்தும்: எதையும் தீர்மானிக்காது. ஒன்பதில் இரண்டு செல்லும், இரண்டு நேர்மாறானதை நிறுவிவிடும், மீதி ஐந்தும் ஊசலாடும்.

இதை மெய்மை அட்டவணை என்று சொன்னால் தவறு. கட்டத்தில் நிற்பவை கூற்றுகள் அல்ல, பொருள்களின் தொகுதிகள். 'மற்றும்', 'எனில்' என்று கூற்றுகளை இணைக்கும் வேலையே இங்கே கிடையாது. ஆனால் எல்லா வாய்ப்பையும் பரப்பிவைத்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு எழுதும் துணிவு பியர்ஸின் தாளில் இருப்பதேதான்.

அந்த ஐந்து ஊசல்களையும் தமிழில் படிக்கலாம். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவையியல் கற்பிக்கிறார். உ.வே.சாமிநாதையர் 1898இல் பதிப்பித்தபோது பௌத்த நுணுக்கங்களுக்கு மளூர் ரங்காசாரியாரின் துணை தேவைப்பட்டது. இந்தக் காதையைத் தனியே உட்கார்ந்து படிக்கும் எவருக்கும் அதன் காரணம் விளங்கும். ஊசலாடும் ஏதுவான அநைகாந்திகம் ஆறு வகை என்கிறார் அடிகள்: சாதாரணம், அசாதாரணம், சபக்கைகதேச விருத்தி விபக்க வியாபி, விபக்கைகதேச விருத்தி சபக்க வியாபி, உபயைகதேச விருத்தி, விருத்த வியபிசாரி. வாயில் நுழையாத இந்தப் பெயர்களை ஏதுச் சக்கரத்தோடு ஒட்டிப் பார்த்தால் முதல் ஐந்தும் அந்த ஐந்து கட்டங்களின் முகவரிகள். 'சபக்கம்' என்றால் இங்கே அழியும் பொருள்கள், 'விபக்கம்' என்றால் அழியாதவை, 'உபயம்' என்றால் இரண்டும். 'ஏகதேசம்' என்றால் சிலவற்றில், 'வியாபி' என்றால் எல்லாவற்றிலும். ஆறாவது, சம பலமுள்ள இரண்டு ஏதுக்கள் மோதுவது. அதற்குச் சக்கரத்தில் இடமில்லை.

இந்தக் காதை திக்நாகர் மரபில் வந்த நியாயப்பிரவேசம் என்ற வடமொழி நூலோடு மிக நெருங்கி நடப்பதால் எது முந்தியது என்ற வழக்கு எழுந்தது. மணிமேகலை திக்நாகருக்கு முற்பட்டது என்று எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928இல் எழுதினார், மறுத்தவர்களும் உண்டு. நான் மறுத்தவர்கள் பக்கம். நேர்மாறானதை நிறுவும் ஏதுக்கள் சக்கரத்தில் இரண்டே கட்டம். காப்பியத்தில் 'விருத்தம்' எனப்படும் அவை நான்கு வகை, அந்தப் பிரிப்புக்கும் கட்டங்களுக்கும் தொடர்பில்லை. நியாயப்பிரவேசத்திலும் நான்குதான். ஐந்து பெயர்கள் கட்டங்களோடு அச்சாகப் பொருந்த, மற்றவை பொருந்தாமல் நிற்கின்றன. முதலில் கட்டம் போட்டவர் ஒருவர், அதைப் பட்டியலாக்கியவர் வேறொருவர், அந்தப் பட்டியலைத் தமிழ்ப்பாவில் அமைத்தவர் மணிமேகலை பாடிய சாத்தனார் என்றே எனக்குப் படுகிறது.

கேள்வி கேட்ட பெண்ணுக்குப் பைலோவைப் பற்றிச் சொன்னேன். கட்டம் போடும் பழக்கத்தை விளக்க, கரும்பலகையில் நேர், நிரை என்று எழுதி நான்கு வரிசையையும் நிரப்பச் சொன்னேன். அரை நிமிடத்தில் முடித்துவிட்டு, "எட்டுக்குக் காய், கனி சேர்த்துக்கலாமா சார்?" என்றாள்.