ஏரிக்கரையில் ஒரு காலை

கொழும்பு மாநகரைக் காணச் செல்லும் அன்பர்கள் காலிமுகத் திடலில் காற்று வாங்குவர், மிருகக்காட்சிச்சாலையைப் பார்ப்பர், புறக்கோட்டையிற் புடைவை வாங்கித் திரும்புவர். அண்மையில் அங்கு சென்ற நாம் வேறொரு யாத்திரை மேற்கொண்டோம். நாள்தோறும் நமது கைக்கு வரும் பத்திரிகை எங்கே பிறக்கிறது, அதன் விதி எங்கே நிருணயிக்கப்பட்டது என்பதைக் கண்ணாற் கண்டு வருவதே எமது நோக்கம்.

கோட்டைப் புகையிரத நிலையத்தின் முன்னே ஒல்கொட் துரையின் சிலை நிற்கிறது. அவர் அமைத்த பௌத்த பிரமஞான சங்கம் 1880 இல் 'சரசவி சந்தரெச' என்னும் சிங்களப் பத்திரிகையைத் தொடங்கியது. யாழ்ப்பாணத்திலோ 'உதயதாரகை' 1841 இலேயே உதித்துவிட்டது. சமயத்துக்காகவும் சமூகத்துக்காகவும் வாதாட வந்தவர்கள் முதலில் நாடியது அச்சுக்கூடத்தையே என்பதை எண்ணியவாறு நடந்தோம்.

சிறிது தூரத்தில், பேரை வாவியின் அருகே, லேக் ஹவுஸ் கட்டடம் தோன்றியது. 'ஏரிக்கரைப் பத்திரிகைகள்' என்று நம்மவர் வழங்குவது இங்கிருந்து வருவனவற்றையே. இந்நிறுவனத்தை வளர்த்தவர் டி. ஆர். விஜேவர்தன. 1918 இல் 'டெயிலி நியூஸ்' என்னும் ஆங்கிலத் தினசரியையும், 1932 இல் 'தினகரன்' என்னும் தமிழ்ப் பத்திரிகையையும் அவர் தொடங்கினார். பேராசிரியர் க. கைலாசபதி 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராயிருந்து ஈழத்து எழுத்தாளருக்கு ஊக்கமளித்ததை இலக்கிய அன்பர்கள் மறவார். கட்டடம் நிற்கும் வீதி இன்று விஜேவர்தனவின் பெயரையே தாங்கியிருக்கிறது. ஆயின் கட்டடம் அவர் குடும்பத்தாரிடம் இல்லை.

அக்கதையின் முற்பாதியை அறியக் கடற்கரைக்குச் சென்றோம். இன்று ஜனாதிபதி செயலகமாக விளங்கும் பழைய பாராளுமன்றம் அங்கே கடலை நோக்கி நிற்கிறது. மும்மொழிகளிலும் பத்திரிகைகளை ஒரே குடும்பம் வைத்திருப்பதும், அவை ஒரு கட்சியின் பக்கமே சாய்வதும் மக்களாட்சிக்கு நல்லதன்று என்பது அன்றைய அரசாங்கத்தின் வாதம். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. முதலாளியின் பிடியும் ஒரு பிடிதானே! ஆயினும் அப்பிடியைத் தளர்த்த அரசாங்கத்தின் கையை நீட்டலாமா என்பதே கேள்வி. 1964 டிசம்பர் 3 ஆந் திகதி, இக்கட்டடத்தில், சிம்மாசனப் பிரசங்கத்தின் மீதான வாக்கெடுப்பில் ஒரே ஒரு வாக்கினால் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அம்மையாரின் அரசாங்கம் தோல்வியுற்றது. பத்திரிகை மசோதாவை விரும்பாத சி. பி. டி சில்வா முதலியோர் கட்சி மாறியதே காரணம்.

அம்மையார் 1970 இல் மீண்டும் பதவிக்கு வந்தார். 1973 இல் இயற்றப்பட்ட சட்டத்தினால் லேக் ஹவுஸ் பங்குகளில் நூற்றுக்கு 75 பங்கு பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் சென்றது. பங்குகளைப் பலரிடமும் பரப்புவதே நோக்கம் என்றார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் அவை பரவவில்லை. அதே ஆண்டிற் பிறந்த பத்திரிகைப் பேரவைச் சட்டமோ, மந்திரிசபைக் கூட்ட நடவடிக்கைகளை அனுமதியின்றி வெளியிடுவதைக் குற்றமாக்கியது.

இதில் ஒரு விந்தையைக் கேளுங்கள். 1977 இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்தன, விஜேவர்தனவின் சகோதரி மகன், மருமகன் முறை. பிற்காலத்திற் பிரதமராகவும் ஜனாதிபதியாகவும் இருந்த ரணில் விக்கிரமசிங்க, அவருடைய மகள் வயிற்றுப் பேரன். மருமகனும் திருப்பிக் கொடுக்கவில்லை; பேரனும் திருப்பிக் கொடுக்கவில்லை. எதிர்க்கட்சியில் இருக்கும்போது கசக்கும் கைவிலங்கு, ஆட்சிக்கு வந்ததும் கைக்கு வாய்த்த காப்பாகிவிடுகிறது போலும்!

வெயில் ஏறிவிட்டமையால் முச்சக்கர வண்டியிற் புதுக்கடைக்குச் சென்றோம். 'தவச' நிறுவனத்தார் தமது பத்திரிகைகளை அச்சிட்டது இப்பகுதியிலேதான். 'தினபதி'யும் ஞாயிறுதோறும் வந்த 'சிந்தாமணி'யும் அவர்களுடையவையே. 1974 இல் அவசரகாலச் சட்டத்தின் கீழ் அவ்வச்சகத்துக்கு முத்திரை வைத்தார்கள். 1977 வரை பூட்டுத் திறக்கப்படவில்லை.

அந்நாளில் நாம் சிறு பிள்ளை. ஞாயிறு காலையிற் சந்திக் கடைக்கு ஓடிச் சிந்தாமணி வாங்கி வருவது எமது வேலை. ஒரு ஞாயிறு கடைக்காரர் வெறுங்கையை விரித்துக் காட்டினார். அடுத்த ஞாயிறும் அவ்வாறே. பின்னர் ஐயா வேறு பத்திரிகை எடுப்பித்தார். ஆயின் பென்சிலுங் கையுமாகத்தான் அதைப் படித்தார். "ஏன் ஐயா பென்சில்?" என்று வினவினோம்.

"தம்பி, இதில் இருப்பதை ஆரும் வாசிக்கலாம். இதில் இல்லாதது என்ன என்றுதான் நான் தேடுறன்" என்றார்.

அரிசிக் கூப்பன், விலைவாசி, வேலையில்லாத் திண்டாட்டம் என்று ஓரத்திலே குறித்து வைப்பார். ஊரில் எல்லோரும் பேசுவது பத்திரிகையில் எங்கே என்பதே அவர் கேள்வி.

பத்திரிகையை அடக்குவதற்குச் சட்டம் ஒன்றே வழி அன்று. 1981 இல் யாழ்ப்பாணத்து 'ஈழநாடு' அலுவலகம் தீக்கிரையானது. அதன் பின் எழுத்தின் பொருட்டு உயிர் நீத்தோர் பலர். நல்ல மாற்றங்களும் இல்லாமற் போகவில்லை. 2002 இல் குற்றவியல் அவதூறுச் சட்டம் நீக்கப்பட்டது. 2016 இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நிறைவேறியது. இப்பொழுது சாதாரண குடிமகனும் அரசாங்க அலுவலகத்திடம் விண்ணப்பித்து விடை கேட்கலாம்.

மாலையிற் கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு மீண்டோம். அங்குள்ள கடையில் ஏரிக்கரைப் பத்திரிகை ஒன்றும் தனியார் பத்திரிகை ஒன்றும் வாங்கினோம். வண்டி புறப்பட்டதும் இரண்டையும் மடிமீது விரித்து, சட்டைப் பையிலிருந்த பென்சிலைக் கையில் எடுத்தோம். எதிரே இருந்த சிறுவன், "கணக்குச் செய்யப் போறீங்களா, மாமா?" என்று கேட்டான்.

ஆம் என்று தலையசைத்தோம்.