டயர் பிடித்த பிறகு

எங்கள் பட்டறைக்கு டிராக் பந்தயக் காரின் பின்பக்கச் சஸ்பென்ஷன் வேலைக்காக வருகிறவர்கள் பெரும்பாலும் இன்ஜினிலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். இத்தனை குதிரைத்திறன் இருக்கிறது, அதைத் தாங்குகிற ஆர்ம் எது என்று கேட்பார்கள். என்ன டயர் போடப் போகிறீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. அடுத்தது காரின் எடை. அதற்கடுத்தது கியர்பாக்ஸ் ஆட்டோமேட்டிக்கா, கிளட்ச் உள்ளதா என்பது. குதிரைத்திறனை நான்காவதாகத்தான் குறித்துக்கொள்வேன்.

டிராக் பந்தயத்தின் கால் மைல் 402 மீட்டர். அதைப் பத்து நொடியில் முடிக்கிற காரில், பின்பக்கம் உடைவதென்றால் அநேகமாக முதல் ஒன்றிரண்டு நொடிக்குள் உடைந்துவிடும். ஓட்டம் முடிந்ததும் கையில் தருகிற நேரச் சீட்டில் முதல் அறுபதடிக்கென்று தனியாக ஓர் எண் இருக்கும். என் வேலை முழுக்க அந்த எண்ணுக்குள்தான் நடக்கிறது. சாலை டயரில் 700 குதிரைத்திறன் காரைக் கிளப்பினால் டயர் சுழன்று புகைவிடும். ஆர்முக்கு ஒன்றும் ஆகாது. தொடக்கக் கோட்டருகே பிசுபிசுப்பான கலவை தெளித்த தளத்தில், ஸ்லிக் டயரோடு 400 குதிரைத்திறன் காரை நிறுத்திக் கிளப்பினால் அடியில் எது பலவீனமோ அது அன்றைக்கே தெரிந்துவிடும். டயரால் தரையில் பிடிக்க முடிகிற விசைக்கு மேல் எந்த இன்ஜினாலும் சஸ்பென்ஷனுக்கு அனுப்ப முடியாது.

எனக்கு அதிகம் பழக்கமான காரையே எடுத்துக்கொள்கிறேன். 1979 முதல் 1993 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங், ஆட்கள் 'ஃபாக்ஸ் பாடி' என்கிற வண்டி. இலேசானது, மலிவானது, 5 லிட்டர் வி8 வகையும் உண்டு. அமெரிக்க டிராக் களங்களில் இன்றைக்கும் நிறையப் பார்க்கலாம். பின் ஆக்ஸிலை நான்கு ஆர்ம்கள் பிடித்திருக்கும். கீழே இரண்டு நீளவாட்டில், மேலே இரண்டு சாய்வாக. நான்குமே தகட்டை அச்சில் அழுத்தி வளைத்தவை, நுனியில் ரப்பர் புஷ்.

ஓட்டுநரோடு சேர்த்து 1,450 கிலோ என்று வைப்போம். முதல் அறுபதடியை ஒன்றரை நொடியில் கடக்க, காரை ஏறத்தாழ அதன் எடையின் ஒன்றரை மடங்கு விசையால் தள்ள வேண்டும், அதாவது 2,175 கிலோ. இந்தத் தள்ளல் தரையில், டயர் தொடும் இடத்தில் பிறக்கிறது. ஆக்ஸில் ஹவுசிங் பின்னோக்கிச் சுழலப் பார்க்கும், பினியன் மூக்கு மேலே எழும். கீழ் ஆர்ம்கள் அமுங்குகின்றன, மேல் ஆர்ம்கள் இழுபடுகின்றன. கீழ் இணைப்பு தரையிலிருந்து 25 செ.மீ., மேல் இணைப்பு 50 செ.மீ. உயரத்தில் இருந்தால், கீழே விழும் மொத்த அமுக்கம் தள்ளல் விசையின் இரு மடங்கு, 4,350 கிலோ. ஆளுக்குப் பாதி. ஒரே ஒரு கீழ் ஆர்ம் முழுக் காரின் எடையையும் மிஞ்சிய சுமையைத் தாங்குகிறது. மேல் ஆர்ம்கள் இரண்டும் சேர்ந்து 2,175 கிலோ இழுபடும். சாய்வாக இருப்பதால் உண்மையில் இன்னும் கூடுதல்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் யாரும் பாகம் வாங்கக் கூடாது என்பது என் பிடிவாதம். கணக்கு வேறொன்றையும் காட்டிக் கொடுக்கும். ஆக்ஸில் பக்கத்துக் கீழ் இணைப்பை ஒரு பிராக்கெட் வைத்து 5 செ.மீ. இறக்கினால் கீழ்ச் சுமை 3,625 கிலோவாகவும் மேல் சுமை 1,450 ஆகவும் குறைகிறது. உலோகத்தை மாற்றாமலேயே பலம் கிடைத்துவிட்டது. ஆனால் ஆர்மின் சரிவு மாறுவதால் டயரைத் தரையில் அடிக்கிற வேகம் கூடும், அந்தப் பிராக்கெட்டே இப்போது புதிய நெம்புகோலாகிவிடும். அதற்குக் குறுக்குத் தாங்கல் வைக்காமல் விட்டால் போட்டதைவிடப் போடாமலே இருந்திருக்கலாம்.

மேலே சொன்னதெல்லாம் சீரான சுமை. அடி விழும்போது கதை வேறு. ஆட்டோமேட்டிக்கில் கன்வெர்ட்டர் சுமையைக் கொஞ்சம் மெதுவாக ஏற்றும். கிளட்சைச் சட்டென்று விட்டால் ஃப்ளைவீலில் சேர்ந்திருந்த சுழற்சி முழுக்க ஒரே நேரத்தில் இறங்கும். பழைய பாணி ஸ்லிக்கின் பக்கச்சுவர் சுருங்கி அதில் ஒரு பங்கை விழுங்கிக்கொள்ளும். டிராக் ரேடியல் அவ்வளவு சுருங்காது, அடியை அப்படியே ஆர்முக்குக் கடத்தும். இவை எல்லாவற்றையும்விடக் கொடியது டயர் பிடித்தும் விட்டும் குதிப்பது. அந்தத் துள்ளல் ஒவ்வொன்றும் ஒரு சம்மட்டி அடி. துள்ளுகிற காருக்குக் கனமான ஆர்ம் வாங்கித் தருவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. முதலில் ஷாக் அப்சார்பரும் புஷ்களும் சரியாக வேண்டும்.

புஷ் விஷயத்தில்தான் அதிகம் பேர் பணத்தைப் பாழாக்குகிறார்கள். கெட்டியாக இருந்தால் பலம் என்று நினைத்து மேல் ஆர்மின் இரு நுனியிலும் பாலியூரித்தேன் போட்டுவிடுவார்கள். சாய்ந்த ஆர்ம், ஆக்ஸில் ஏறி இறங்கும்போது முறுக்கிக்கொண்டுதான் நகர முடியும். ரப்பர் அந்த முறுக்கலுக்கு வளைந்து கொடுத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டால் ஆர்ம் இறுகிச் சிக்கும், இழுவைக்காகச் செய்த பாகம் வளைவுச் சுமையைத் தாங்க வேண்டிவரும். கோள பேரிங் உள்ள ராடு எண்டுதான் அங்கே சரியான பதில். இரைச்சல் வரும், தேயும், மாற்ற வேண்டிவரும். பந்தயக் காருக்கு அது பொருட்டில்லை. ராடு எண்டின் மரை, அதன் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்காவது குழாய்க்குள் ஏறியிருக்கிறதா என்று மட்டும் அளந்து பார்த்துவிடுங்கள்.

குழாய்க்கு எல்லோரும் குரோமோலி கேட்கிறார்கள். நல்ல உலோகம்தான், சாதாரண எஃகைவிட அதிகச் சுமையில்தான் நிரந்தரமாக வளையும். ஆனால் விறைப்பில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆக்ஸிலைப் பிடிக்கும் நீண்ட லேடர் பார் போன்ற பாகம் அமுக்கத்தில் நடுவே பிதுங்கி மடங்குவதைத் தடுப்பது விறைப்பும் குழாயின் விட்டமும். அங்கே விட்டத்தை ஒரு படி கூட்டிய சாதாரண எஃகுக் குழாய், மெல்லிய குரோமோலியைவிட என் மனத்துக்கு நிம்மதி. குரோமோலியை டிக் வெல்டிங்கில்தான் ஒட்ட வேண்டும், அமெரிக்க டிராக் பந்தயங்களை நடத்தும் என்ஹெச்ஆர்ஏவின் விதியும் அப்படியே.

ஆர்மைப் பலப்படுத்தினால் சுமை அடுத்த இடத்துக்குப் போகும். ஃபாக்ஸ் பாடியில் அது டார்க் பாக்ஸ், பாடியில் ஆர்மின் முன்நுனி மாட்டுகிற தகட்டுப் பெட்டி. காரைத் தூக்கி, கைவிளக்கைத் தகட்டோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் அதன் வரலாறு தெரியும். முதலில் அடிப்பூச்சில் மயிரிழைக் கீறல். பிறகு ஸ்பாட் வெல்டைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடி. அது வெறும் துரு இல்லை, இரண்டு தகடுகள் உரசுவதன் தடயம். அப்புறம் வெல்டுகள் ஒவ்வொன்றாக விட்டு, அஞ்சல்தலைத் தாளின் துளை வரிசைபோல வரிசையாகக் கிழியும். போல்ட் துளை வட்டமாக இருக்கிறதா என்று விரல் நுழைத்துப் பாருங்கள். முட்டை வடிவத்துக்கு வந்திருந்தால் எவ்வளவு நல்ல ஆர்ம் மாட்டினாலும் பயனில்லை. உள்ளும் புறமும் தகடு வைத்து, பழைய பூச்சைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு வெல்டு செய்ய வேண்டும்.

அதற்கடுத்து ஆக்ஸில். 1986 முதல் வி8 வண்டிகளில் வந்த 8.8 அங்குல ஆக்ஸிலில் வார்ப்பு நடுப்பகுதிக்குள் குழாய்களை அழுத்திச் செருகி, சில இடங்களில் மட்டும் வெல்டு வைத்திருப்பார்கள். பிடிப்பு கூடினால் நடுப்பகுதி குழாய்களின் மேலேயே சுழன்றுவிடும். சூடாக்கி, நிக்கல் ராடால் சுற்றிலும் ஒட்டி, மெதுவாக ஆறவிட வேண்டும். அரை ஷாஃப்டை உள்ளே பிடித்திருப்பது ஒரு சி-கிளிப். ஷாஃப்ட் உடைந்தால் சக்கரத்தோடு வெளியே வந்துவிடும். 10.99 நொடியிலோ அதற்கும் வேகமாகவோ ஓடுகிற காருக்கு வேறு ஷாஃப்டும் தனிப் பிடிப்பும் கட்டாயம் என்று என்ஹெச்ஆர்ஏ விதித்திருக்கிறது. அந்த வேகத்தை எட்டி விதி பொருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

போல்ட்டுக்குத் தலையில் ஆறு கோடு உள்ள கிரேடு 8. இருபுறமும் காது உள்ள பிராக்கெட், வெட்டுகிற இடத்தில் மரை வராத நீளம். இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

கையில் பணம் குறைவாக இருப்பவருக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். டார்க் பாக்ஸும் போல்ட்டும் முதலில். பிறகு கீழ் ஆர்ம், ஷாக். மேல் ஆர்மும் ஆக்ஸில் வேலையும் சேர்த்து ஒரே தடவையில். ஸ்லிக் டயர் கடைசி, அதுவரை பழைய டயரிலேயே சுழன்று ஓடட்டும். ஸ்லிக் போட்ட முதல் ஓட்டம் முடிந்ததும் அடுத்ததற்கு வரிசையில் போய் நிற்கக் கூடாது. காரை ஜாக்கியில் ஏற்றி, நட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே ஓட்டத்துக்கு முன் போட்ட பெயின்ட் கோடுகள் நகர்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே இரண்டாவது ஓட்டம்.