இரும்புக்குள் ஒரு தரகர்

மதுரையில் நிற்கும் ‘மினி ஐகால்’ கருவியின் எடை 85 டன். 11 அடுக்கு இரும்புத் தகடுகள், நடுநடுவே இரண்டு மீட்டர் சதுரத்தில் கண்ணாடி உணர்கருவிகள், இரும்பைக் காந்தமாக்கச் செம்புக் கம்பிச்சுருள். வானிலிருந்து வந்து விழும் மியுவான் துகள்கள் அதில் தடம் பதித்துவிட்டுப் போகின்றன. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து வைக்கத் திட்டமிட்ட 50,000 டன் நியூட்ரினோ கருவியான ஐகாலுக்கு இது சின்ன மாதிரி.

பெரியது இன்னும் வரவில்லை. 2015இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. ஊர்மக்களின் எதிர்ப்பு தொடர்ந்தது. 2022இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது. ஆனாலும் அந்தக் கருவி பத்தாண்டு ஓடினால் என்னென்ன தெரியவரும் என்பதை ஆய்வுக்குழு 2017இல் ‘பிரமாணா’ இதழில் விரிவாக எழுதிவிட்டது.

இல்லாத கருவிக்குத் தரவு ஏது? ‘நுவான்ஸ்’ என்ற மென்பொருளில் ஆயிரம் ஆண்டுகளுக்கான நியூட்ரினோ மோதல்களை உருவாக்கி, அதைப் பத்தாண்டுக்குச் சுருக்கினார்கள். எண்ணிக்கை குறைந்தால் தற்செயலான ஏற்ற இறக்கமே முடிவைக் கெடுத்துவிடும்.

அதில் ஒரே ஒரு மோதலை எடுத்துக்கொள்ளலாம். வருவது மியுவான் நியூட்ரினோ. எதிரே இரும்பு அணுக்கரு: 26 புரோட்டான், 30 நியூட்ரான். எல்லாமே உள்ளே ஓடிக்கொண்டிருப்பவை. எதில் மோதல், அது அப்போது எந்த வேகத்தில் போகிறது என்பதை மென்பொருள் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்கிறது. நியூட்ரினோ மியுவானாகிறது, நியூட்ரான் புரோட்டானாகிறது. ஆற்றல் கூடுதலாக இருந்தால் பையான் என்ற துகளும் பிறக்கலாம்.

வில்லங்கம் அங்கேதான். பையான் வெளியே வருவதற்குள் அணுக்கரு அதை விழுங்கிவிடலாம், மின்னூட்டத்தை மாற்றலாம், ஆற்றலில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொண்டு வேறு பக்கம் தள்ளலாம். காய்கறி மண்டித் தரகர் மாதிரிதான். எடுத்துக்கொண்ட கமிஷனுக்கு ரசீது கிடையாது. விழுங்கப்பட்டால், பையான் பிறக்காத மோதல் போலவே தெரியும். வெளியே வந்த மிச்சத்தை வைத்து நியூட்ரினோ கொண்டுவந்த ஆற்றலைக் கணக்கிட வேண்டும்.

கணக்கு பிசகிய கதையும் உண்டு. அமெரிக்காவில் ஃபெர்மி ஆய்வகத்தின் மினிபூன் சோதனை, கார்பனில் நடக்கும் மோதல்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று 2010இல் விரிவாக அறிவித்தது. அணுக்கருவுக்குள் ஜோடியாக இருக்கும் இரண்டு துகள்களையும் நியூட்ரினோ ஒருசேரத் தட்டிவிடலாம். பழைய மாதிரிகளில் அதற்கு இடமே இல்லை. இயற்பியலாளர் மார்ட்டினியும் கூட்டாளிகளும் முதற்கட்ட முடிவுகளை வைத்து 2009இலேயே தந்த விளக்கம் இதுதான்.

தரகரைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வழி இருந்தது. நியூட்ரினோவின் ஆற்றல் முன்கூட்டியே தெரியாது. ஆனால் எலக்ட்ரான் கற்றையின் ஆற்றல் துல்லியமாகத் தெரியும். அமெரிக்காவின் ஜெபர்சன் ஆய்வகத்தில் ஹீலியம், கார்பன், இரும்பு ஆகியவற்றில் எலக்ட்ரான்களை மோதவிட்ட பழைய தரவை எடுத்து, நியூட்ரினோவுக்குப் போடும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். 2021இல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வந்தது. பையான் எதுவும் தென்படாத மோதல்களிலும் ஒரு சிறு பகுதியில்தான் சரியான ஆற்றல் கிடைத்தது. உலகெங்கும் புழங்கும் ‘ஜீனி’ மென்பொருள் அந்தப் பிசகைத் தோராயமாகவே காட்டியது. அமெரிக்காவின் ‘டியூன்’ சோதனையும் ஜீனியைத்தான் நம்பியிருக்கிறது. அங்கே இரும்புக்குப் பதில் ஆர்கான்.