பிரேசர் மலையில் அப்பாவுக்கு ஒரு பறவை

அப்பாவை பிரேசர் மலைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவருடைய கண்பார்வை குறைந்துவிட்டது. கையில் பிடித்துப் பார்ப்பது தெரியும். மரக்கிளை என்றால் பச்சைத் திட்டு மட்டும்தான்.

"நான் வந்து என்னம்மா பார்க்கப் போறேன்?" என்றார்.

"நீங்க காதால கேளுங்கப்பா. நான் படம் பிடிச்சுக் காட்டுறேன்" என்றேன்.

கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கோலகுபு பாருவில் தேநீர் குடித்துவிட்டு, சிலாங்கூர் அணையைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறினோம். பகாங் மாநிலத்தில், 1,200 மீட்டருக்கு மேல் இருக்கும் இந்தச் சிற்றூரில் கல் மணிக்கூண்டும் பழைய பங்களாக்களும் பார்க்க அழகு. ஆனால் கழுத்தில் கேமராவோடு வருகிறவர்கள் பறவைகளுக்காகவே வருகிறார்கள். 250க்கும் மேற்பட்ட இனங்கள் இங்கே பதிவாகியுள்ளன.

மறுநாள் காலை ஏழரை மணி. காட்டோரச் சாலையில் ஒரே மூடுபனி. அப்பா சட்டென்று நின்றார்.

"சில்வண்டு மாதிரி கத்துது. ஆனா சில்வண்டு இல்ல."

தோட்டத்தில் வளர்ந்த காது பொய் சொல்லாது. அண்ணாந்து பார்த்தேன். குக்குறுவான் இனத்தில் ஒன்று. ஆங்கிலத்தில் ஃபயர் டஃப்டட் பார்பெட். பச்சை உடல், அலகின் மேலே நெருப்புப் பற்றியதுபோல் சிவந்த முடிக்கற்றை. தீபகற்ப மலேசியா, சுமத்ரா மலைக்காடுகளில் மட்டுமே வாழும் பறவை. பார்த்ததை அப்படியே அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே படம் எடுத்தேன்.

600 மில்லிமீட்டர் லென்ஸில் கை சிறிது நடுங்கினாலும் படம் கலங்கிவிடும். அதனால் ஷட்டரை 1/500 விநாடியில் வைத்தேன். அந்த லென்ஸ் எஃப்/6.3க்கு மேல் திறக்காது. பனியில் வெளிச்சமும் இல்லை. ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றுவதைத் தவிர வழியில்லை. கிடைத்த சொற்ப வெளிச்சத்தைக் கேமரா பெருக்கிக் காட்டும்போது படமெங்கும் பொடிப் புள்ளிகள் தெரியும். அதைத்தான் நாய்ஸ் என்கிறோம்.

அன்று மாலை விடுதி அறையில் மடிக்கணினியைத் திறந்தேன். பறவைமேல் ரவையைத் தூவிய மாதிரி இருந்தது. நாய்ஸ் குறைக்கும் அளவை ஒரேயடியாகக் கூட்டினேன். படம் பளபளவென்று ஆனது. அப்பாவின் முகத்தருகே திரையைக் கொண்டுபோனேன்.

வெகுநேரம் பார்த்தார். "அழகா இருக்கும்மா. ஆனா மூக்குக்கு மேல நெருப்பு மாதிரி முடி இருக்குன்னு சொன்னியே, அது எங்க?"

முடி இருந்த இடத்தில் ஆரஞ்சு நிறக் கறைதான் இருந்தது. இறகுகள் பிளாஸ்டிக் பொம்மைபோல் வழவழத்தன. புள்ளியோடு பறவையையும் துடைத்திருக்கிறேன். அவர் அந்தப் பறவையைப் பார்க்க இருந்த ஒரே வழி இந்தப் படம்தான்.

வீடு திரும்பியதும் மூல 'ரா' கோப்பிலிருந்து மறுபடி தொடங்கினேன். முதலில் நிறப் புள்ளிகள். சிவப்பும் பச்சையுமாகச் சிதறிக் கிடக்கும் இவற்றை நீக்கினால் நுணுக்கம் அவ்வளவாகக் கெடாது. அடுத்து, ரவைபோன்ற ஒளிப் புள்ளிகள். இங்கேதான் நிதானம் வேண்டும். மாஸ்க் போட்டுப் பறவையையும் பின்னணியையும் பிரித்தேன். பின்னணி ஏற்கெனவே மங்கலானது. அங்கே தாராளமாகக் குறைக்கலாம். பறவையின்மேல் கொஞ்சமே குறைத்தேன். கூர்மையாக்குவதைக் கடைசியில், பறவைக்கு மட்டும் செய்தேன். முதலிலேயே செய்தால் புள்ளிகளும் சேர்ந்து கூர்மையாகிவிடும்.

லைட்ரூமில் 2023 முதல் இருக்கும் செயற்கை நுண்ணறிவு 'டீநாய்ஸ்' வசதியையும் முயன்றேன். நல்ல உதவிதான். ஆனால் இதுபோன்ற கருவிகள் தாம் கற்றதை வைத்து ஊகிக்கின்றன; இல்லாத இறகுக்கோடும் முளைக்கலாம். மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, அளவைக் குறைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் புரிந்தது. நாய்ஸுக்குப் பயந்து ஐஎஸ்ஓ 1600இல் இருட்டாக எடுத்த படங்களுக்குக் கணினியில் வெளிச்சம் கூட்டினேன். அவை எந்த விதத்திலும் தேறவில்லை. ஷட்டரும் லென்ஸும் அதேதான் என்றால், ஐஎஸ்ஓவைக் குறைப்பதால் வெளிச்சம் கூடிவிடாது. திரையில் 200 விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்துக் கவலைப்படுவதும் வீண். எந்த அளவில் அச்சிடப் போகிறோமோ, அந்த அளவில் பார்த்தால் போதும்.

எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் அச்சிட்டு அப்பாவிடம் கொடுத்தேன். சன்னலோரம் போய், முகத்தருகே பிடித்துப் பார்த்தார். அவர் விரல் அலகின்மேல் நின்றது.

"இதா? இதுதான் அன்னைக்குக் கத்துச்சா?"

அம்மா எட்டிப் பார்த்தார். "சிறகுல என்னமோ பொடிப்பொடியா இருக்கே?"

"அது பனி. அன்னைக்கு அவ்வளவு பனி" என்றார் அப்பா.

நான் திருத்தவில்லை. வெளிச்சத்தை மறைத்தது அந்தப் பனிதானே.