தொண்ணூற்றொன்பது பேர்

போன வாரம் பேத்தி, விமானம் பற்றிக் கட்டுரை எழுத உதவி கேட்டாள். அவள் எழுதி முடித்துத் தூங்கிவிட்டாள். நான்தான் விடாமல் படித்துக்கொண்டிருந்தேன்.

1929 ஆகஸ்ட். அமெரிக்காவில் பெண்களுக்கென்று ஒரு விமானப் பந்தயம். மேற்கே சாண்டா மோனிகாவில் கிளம்பி கிளீவ்லாந்து போய்ச் சேர வேண்டும். 20 பேர் கிளம்பினார்கள். அதற்கு 'பவுடர் பஃப்' பந்தயம் என்று கேலிப் பெயர். முகத்துக்குப் பவுடர் ஒற்றுவோமே, அந்தப் பஞ்சு! வழியில் மார்வெல் கிராசன் என்ற பெண் அரிசோனாவில் விழுந்து இறந்துபோனார். உடனே பந்தயத்தை நிறுத்தச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. "ஆம்பளைங்க விழுந்தா நிறுத்தச் சொல்வாங்களா பாட்டி?" என்றாள் பேத்தி. மற்றவர்கள் நிறுத்தவில்லை. லூயிஸ் தேடன் ஜெயித்தார்.

அதன் பிறகு, உரிமம் வைத்திருந்த 117 பெண்களுக்குக் கடிதம் போனது. நவம்பர் 2ஆம் தேதி நியூயார்க் பக்கம் வேலி ஸ்ட்ரீம் ஊரின் கர்டிஸ் விமானத் திடலில் 26 பேர் கூடினார்கள். விமானக் கொட்டகைதான் கூட்ட அரங்கு. மெக்கானிக்குகள் கருவிகள் வைக்கும் தள்ளுவண்டியில் டீ வந்ததாம். இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன், நம் ஆண்டு விழா ஞாபகம்!

சங்கத்துக்கு என்ன பெயர்? எத்தனை பேர் சேருகிறார்களோ அந்த எண்ணையே வைப்போம் என்றார் அமெலியா ஏர்ஹார்ட். 86 ஆனது, 97 ஆனது, கடைசியில் 99. இன்றும் அதுதான் பெயர். கடிதத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான நீவா பாரிஸ் அடுத்த ஜனவரியிலேயே விமான விபத்தில் போய்விட்டார். ஆனாலும் சங்கம் கலையவில்லை. 1931இல் அமெலியா முதல் தலைவரானார்.

அந்தக் கடிதம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. 'உன்னைப்போல் இன்னும் பலர் இருக்கிறார்கள், வா' என்று யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்களே.

1994, ஐந்தாம் வகுப்பு. என்ன ஆகப்போகிறீர்கள் என்று கேட்டேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, "ஏரோப்ளேன் ஓட்டணும் டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "முதல்ல பதினாறாம் வாய்ப்பாட்டை ஒழுங்கா ஒப்பி" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவேயில்லை. நானும் கேட்கவில்லை.

பெயர் நன்றாக ஞாபகம் இருக்கிறது, இங்கே எழுத மாட்டேன். அந்த வருஷப் பிள்ளைகள் யாராவது அவளோடு தொடர்பில் இருந்தால் சொல்லுங்கள். நீயே இதைப் படித்தால் ஒரு போன் பண்ணும்மா. டீச்சருக்கு அதே பழைய நம்பர்தான்.